இரண்டாவது கிண்ணம்

செம்மண்டலம், கடலூர்
22.1.2012

தங்கை கொளஞ்சியம்மாளுக்கு,

இது உன் அண்ணன் சடையப்பன் தன் கையாலேயே எழுதும் கடிதம். யாரையும் பக்கத்தில் உட்கார வைத்து நான் சொல்லச் சொல்ல எழுத வைக்கவில்லை. நம்பாவிட்டால் எழுத்தைப் பார். வரியெல்லாம் கீழே இறங்கி ஓடுகிறது அல்லவா? காசு கொடுத்து எழுத வைத்தால் யாராவது இப்படி எழுதிக் கொடுப்பார்களா?

மழைக்காலத்துக்கு முன்பிருந்தே மாலை வகுப்புக்குப் போகிறேன். சிந்துஜா என்று ஒரு டீச்சர். "பெரியவரே, நீங்க பேனாவைப் புடிக்கிறது மூட்டையில கொக்கி போடற மாதிரியே இருக்கு" என்று சிரிக்கும். கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் மூட்டை தூக்கின கை வேறு எப்படிப் பிடிக்கும்? ஆனால் எழுத்து வந்துவிட்டது கொளஞ்சி. இப்போது பஸ் போர்டு படிக்கிறேன். சுவரில் ஒட்டின காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் படிக்கிறேன். யார் யாருக்கு எந்த வீட்டில் விசேஷம் என்று இந்தத் தெருவில் என்னைத்தான் கேட்க வேண்டும்.

போனில் பேசலாமே என்று நீ நினைக்கலாம். இடது காது எப்போதோ போய்விட்டது. இந்தப் புயலுக்குப் பிறகு வலது காதும் அடைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு ராஜாமணி எதிரே நின்று கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரிகிறது. அது மட்டுமில்லை, போன் என்றால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைக் கிழிப்பதென்றாலும் கொஞ்சம் படித்துவிட்டுத்தானே கிழிப்பாய்?

உன் அண்ணி பட்டம்மாள் காரியத்தன்று நடந்ததைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. எழுத ஆரம்பித்தால் தப்பு உன்மேல்தான் என்று முடியும்.

விஷயத்துக்கு வருகிறேன். புயலில் ஓடு பறந்து பரணில் தண்ணீர் இறங்கிவிட்டது. சாமான்களைக் கீழே இறக்கியபோது, நீ சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த வருஷம் கொடுத்த பெட்டி கிடைத்தது. பட்டம்மாள் அதைப் பிரிக்கவே இல்லை. நீலப்பூ போட்ட கிண்ணம் இரண்டு, சீனர்கள் சாப்பிடுகிற குச்சி இரண்டு ஜோடி, கறுப்பாக ஒரு பாட்டில். கடையில் போய் ஒரு நூடுல்ஸ் பாக்கெட் வாங்கி வந்து அதன் முதுகில் போட்டிருந்ததை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். "கொதிக்கும் நீரில் இடவும்." இட்டேன். வெந்தது! நான் படித்துச் செய்த முதல் காரியம் அதுதான். அடுப்பங்கரையிலேயே தனியாக நின்று சிரித்தேன்.

மறுநாள் சோறு வறுத்தேன். முந்தின நாள் மிஞ்சின சோற்றில்தான் செய்ய வேண்டும் என்று நீ ஒருமுறை சொன்னது ஞாபகம் இருந்தது. வழக்கம்போல அதில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். பிழிந்து போட்டு வறுத்தேன். களி மாதிரி வந்தது. பரவாயில்லை, சாப்பிட்டேன்.

ஒரு ஆளுக்கு அளந்து சமைக்க எனக்கு இன்னும் வரவில்லை. அதனால் இரண்டு கிண்ணத்திலும் போட்டு ஒன்றை எதிரே வைத்துக்கொள்கிறேன். குச்சி பிடிக்கத் தெரியாததால் எதிர்க் கிண்ணத்துச் சோற்றில் இரண்டையும் நட்டு வைத்தேன். கொடிமரம் மாதிரி அழகாக நிற்கிறது.

ஒரு சந்தேகம் கேட்கத்தான் எழுதுகிறேன். என் கிண்ணத்தை முடித்துவிட்டு எதிர்க் கிண்ணத்தை எடுத்தால் அதில் ருசியே இல்லை. உப்பு இல்லை, வாசனை இல்லை, சூடு இல்லை. ஒரே சட்டியில் செய்ததுதான். ஏன் இப்படி? நீ சமைத்துப் பிழைத்தவள், உனக்குத் தெரிந்திருக்கும்.

அண்ணன்
சடையப்பன்


சிதம்பரம்
27.1.2012

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. "யாரோ ஒண்ணாங்கிளாஸ் புள்ள எழுதியிருக்கு, உங்க பேத்தியா?" என்று தபால்காரர் கேட்டார். "ஆமாம், கொஞ்சம் வயசான பேத்தி" என்றேன். கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதற்குமேல் என்னிடம் ஒன்றும் எதிர்பார்க்காதே.

தப்பு என்மேல்தான் என்று நீயே தீர்ப்பு எழுதிவிட்டாய். நானும் ஒருமுறை எழுதிவிடுகிறேன். சாவு வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்ப வேண்டும் என்பது எனக்கும் தெரியும். இருபது வருஷம் சிங்கப்பூரில் ஒரு சீன வீட்டில் அடுப்படியே கதியாகக் கிடந்தவள். அந்த வீட்டில் எந்தக் கதவைத் தாண்டினாலும் சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தப் பழக்கத்தில் அண்ணி காரியம் முடிந்து கிளம்பும்போது "போயிட்டு வரேண்ணா" என்று வாய் தவறிவிட்டது. பந்தலில் அத்தனை பேர் இருக்க நீ என்ன சொன்னாய்? "அடுத்த சாவுக்கு நாள் குறிச்சிட்டுப் போறியாடி? போ. இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத." நான் மிதிக்கவில்லை. அவ்வளவுதான்.

சோற்றுக்கு வருகிறேன். தண்ணீர் ஊற்றின சோற்றைப் பிழிந்து வறுத்தவன் உலகத்திலேயே நீ ஒருவனாகத்தான் இருப்பாய். சோற்றை வடித்துத் தாம்பாளத்தில் பரப்பு. நன்றாக ஆறி, பருக்கை பருக்கையாகப் பிரிய வேண்டும். பொன்னி அரிசி போதும். இரும்புச் சட்டி புகையக் காயட்டும். எண்ணெய், பூண்டு, பிறகு முட்டை. முட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சோற்றைக் கொட்டு. கறுப்புச் சாஸைச் சோற்றின் தலையில் ஊற்றாதே, சட்டியின் விளிம்பில் சுற்றி விடு. அது சுட்டு வருகிற வாசனைதான் பாதி ருசி. கடைசியில் வெங்காயத்தாள். நூடுல்ஸானால் உடைக்காமல் வேக வைத்து, வடிகட்டி, பச்சைத் தண்ணீரில் அலசி, ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசிறி வை. ஒன்றோடொன்று ஒட்டாது.

நீ வைத்திருக்கும் பாட்டில் நான் வந்த வருஷத்தது. கொட்டிவிட்டுப் புதிதாக வாங்கு. ருசி கெட்டதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

இன்னொன்று. குச்சியைச் சோற்றில் நட்டு வைக்காதே. அந்த ஊரில் செத்தவர்களுக்குத்தான் அப்படி வைப்பார்கள். நம் படையலில் வாழைப்பழத்தில் ஊதுவத்தி குத்துகிறோமே, அது மாதிரி. நான் வேலை பார்த்த வீட்டில் சின்னப் பிள்ளை விளையாட்டாக நட்டாலும் எஜமானியம்மா புறங்கையில் அடிப்பார். "யாரைக் கூப்பிடுற?" என்று கேட்பார். குச்சியைக் கிண்ணத்தின் பக்கத்தில் படுக்க வை.

கொளஞ்சி


செம்மண்டலம்
5.2.2012

அன்புத் தங்கை கொளஞ்சிக்கு,

நீ எழுதியபடியே சட்டியின் விளிம்பில் சாஸ் விட்டேன். அடேயப்பா! வாசனை பிடித்து ராஜாமணி சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தான். "என்னா மாமா, ஓட்டல் போட்டுட்டீங்களா?" என்று கத்தியிருக்கிறான். வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தேன். இந்தத் தெருவில் இதுவரை சடையப்பன் சமைத்து யாரும் சாப்பிட்டதில்லை.

புது பாட்டில்தான் வாங்கினேன். ஆனாலும் எதிர்க் கிண்ணம் அப்படியேதான் இருக்கிறது. அதற்குக் காரணம் நீ எழுதிய கடைசி விஷயத்தில் இருக்கிறது. நீ விளக்கி எழுதிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. மூன்று தடவை படித்தேன், தப்பாகப் படித்துவிட்டேனோ என்று.

கொளஞ்சி, பட்டம்மாள் வருகிறாள்.

பயப்படாதே. எனக்கு ஒரு பயமும் இல்லை. பொழுது சாய்ந்து விளக்கேற்றும் நேரத்துக்குத்தான் சாப்பிட உட்காருகிறேன். புயலுக்குப் பிறகு அந்த நேரத்துக்குக் கரண்ட் இருப்பதில்லை. மண்ணெண்ணெய் விளக்கை நடுவில் வைப்பேன். இரண்டு கிண்ணத்திலும் ஆவி எழும்பும். என் கிண்ணத்து ஆவி நேராகப் போகிறது. எதிர்க் கிண்ணத்து ஆவி அந்தப் பக்கமாகச் சாய்ந்து போகிறது, யாரோ மூச்சை உள்ளே இழுக்கிற மாதிரி. பிறகு நின்றுவிடுகிறது. தொட்டுப் பார்த்தால் காலையில் வைத்த சோறு மாதிரி ஜில்லென்று இருக்கும். ஒரு பருக்கையும் குறையாது. ஆனால் அதில் ஒன்றும் மிஞ்சுவதும் இல்லை. கொல்லையில் வைத்தால் காக்கை இறங்கி வந்து, பார்த்துவிட்டு, தொடாமல் பறந்து போகிறது.

நேற்று இன்னும் ஒரு விசேஷம். நட்டு வைத்த குச்சி இரண்டும் கிண்ணத்தின் மேல் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தன. சாப்பிட்டு முடித்தவர்கள் வைப்பது போல ஒழுங்காக இருந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் கொல்லைக் கதவு வரை போய் "போயிட்டு வா பட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் தாழ் போடுகிறேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டவளை ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்ப முடியுமா?

எதிரே ஆள் இருந்து சாப்பிட்டு இரண்டு வருஷம் ஆகப்போகிறது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத இன்னும் எழுத்துப் பழக வேண்டும்.

அண்ணன்
சடையப்பன்


சிதம்பரம்
9.2.2012

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் வைத்திருந்த பாலை மறந்துவிட்டேன். பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது.

நான் கேட்பதற்கு நிதானமாக யோசித்துப் பதில் எழுது. சிங்கப்பூரிலிருந்து வந்த வருஷம் உன் வீட்டில் நான் நூடுல்ஸ் செய்தேனே, நினைவிருக்கிறதா? அண்ணி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். "மண்புழுவ அவிச்சு வச்சிருக்கா உன் தங்கச்சி. இத தின்னுட்டு எம் பக்கத்துல வந்து படுக்காத" என்று உன்னிடம் சொன்னாள். நீ சிரித்துக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டாய். அந்தக் கிண்ணங்களை அவள் ஏன் பிரிக்காமலே பரணில் போட்டாள் என்று நினைக்கிறாய்? சாகும்வரை அந்தச் சாப்பாட்டைத் தொடாதவள், செத்த பிறகு அதைத் தின்ன வருவாளா?

அண்ணி என்றைக்காவது குச்சி பிடித்து நீ பார்த்திருக்கிறாயா? சாப்பிட்டு முடித்துக் கிண்ணத்தின் மேல் இணையாகப் படுக்க வைப்பது தெரிந்தவர்கள் செய்யும் காரியம். எனக்கே அது பழக ஒரு வருஷம் ஆனது.

அப்படியானால் உனக்கு எதிரே தினமும் வந்து உட்காருவது யார்?

இன்னொன்று. நான் வாய் தவறி ஒரே ஒரு நாள் சொன்ன வார்த்தைக்கு ஊர் கூட்டி என்னைக் கிழித்தாய். இப்போது நீ தினமும் கொல்லைக் கதவில் நின்றுகொண்டு, யாரென்றே தெரியாத ஒன்றிடம் "போயிட்டு வா" என்கிறாய். அது வராமல் என்ன செய்யும்? நீ கூப்பிடுகிறாய், அது வருகிறது.

நான் சொல்வதைக் கேள். ஒரே ஒரு கிண்ணத்தில் சாப்பிடு. இன்னொன்றைக் கழுவிக் கவிழ்த்து வை. குச்சிகளை அடுப்பில் போடு. நூடுல்ஸும் வேண்டாம், வறுத்த சோறும் வேண்டாம். ரசம் வைத்துச் சாப்பிடு. கொல்லைக் கதவுப் பக்கம் போய் ஒரு வார்த்தையும் பேசாதே.

கொளஞ்சி


செம்மண்டலம்
19.2.2012

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. பேனா பிடிக்கக் கை நடுங்குகிறது. பயத்தினால் இல்லை, வேறு காரணம். அதையும் எழுதுகிறேன்.

நீ சொன்னதெல்லாம் செய்தேன். குச்சிகளை அடுப்பில் போட்டேன். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். ரசம் வைத்து ஒரே கிண்ணத்தில் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். ஒரு வாய் வைத்ததும் துப்பிவிட்டேன். உப்பு இல்லை. உப்பு போட்டேன். இன்னும் போட்டேன். ஊறுகாயை நக்கிப் பார்த்தேன். ஈரக் களிமண் மாதிரி இருந்தது. ராஜாமணியைக் கூப்பிட்டு ரசத்தை ருசி பார்க்கச் சொன்னேன். வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினான். உப்புக் கரிக்கிறதாம்.

அன்றையிலிருந்து எதைத் தின்றாலும் அப்படித்தான். ராஜாமணி வீட்டில் மீன் குழம்பு கொடுத்தார்கள். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. எதிர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்ததால் என் கிண்ணத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது என்று நினைக்கிறேன். பசியும் விட்டுப்போய்விட்டது. சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. சிந்துஜா டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு "ஒடம்பு சரியில்லன்னா வகுப்புக்கு வரவேணாம்" என்று சிலேட்டில் எழுதிக் காட்டியது. நான் அதை ஒரே மூச்சில் படித்ததில் அதற்கே ஆச்சரியம்.

டாக்டரிடமும் போனேன். சத்து மாத்திரை கொடுத்தார். அதன் கசப்பும் தெரியவில்லை.

அது பட்டம்மாள் இல்லை என்று நீ எழுதியது சரிதான். பட்டு என்றால் இந்நேரம் நான் சமைத்ததற்கு நாலு குறை சொல்லியிருப்பாள். இது குறை சொல்வதில்லை. எதிரே இருக்கிறது, அவ்வளவுதான். யாராக இருந்தால் என்ன, பசியோடு வந்தது என்றுதான் நினைத்தேன். சுனாமி வந்த வருஷம் இந்தக் கரையில் எத்தனை பேர் போனார்கள். அக்கம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், பேர் ஊர் தெரியாதவர்கள். எல்லோருக்கும் இலை போட ஆள் இருந்ததா? அவர்களில் யாரோ ஒருவர் ஒரு கிண்ணம் சாப்பிட்டால் சாப்பிடட்டும் என்று விட்டேன். என்னுடைய பங்கையும் சேர்த்துச் சாப்பிடும் என்று நினைக்கவில்லை.

கவிழ்த்து வைத்த கிண்ணத்தைத் தினமும் பொழுது சாயும் முன் பார்க்கிறேன். நிமிர்ந்திருக்கிறது.

அண்ணன்
சடையப்பன்


சிதம்பரம்
23.2.2012

அண்ணா,

செவ்வாய்க்கிழமை நான் வருகிறேன்.

நீ கூப்பிடவில்லை. கூப்பிடாத வீட்டுக்குப் போகக்கூடாது என்று இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தேன். பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. நீ துரும்பாகப் போய்க்கொண்டிருக்கிறாய், நான் வாசப்படியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சிங்கப்பூரில் எஜமானியம்மாவின் வீட்டுக்காரர் இறந்தபோது ஒரு காரியம் செய்தார்கள். அவர் உட்காரும் நாற்காலியைக் காலியாக விடவில்லை. முதல் நாளே என்னைப் பிடித்து அதில் உட்கார வைத்து, அவர் கிண்ணத்தில் சோறு போட்டுச் சாப்பிடச் சொன்னார்கள். வேலைக்காரி எஜமானர் இடத்தில் உட்காருவதா என்று நான் கூசினேன். எஜமானியம்மா சொன்னார்: "இடம் காலியா இருந்தா யாராவது வந்து உக்காந்துடுவாங்க. உயிரோட இருக்கறவங்க ஒருத்தர் அந்தக் கிண்ணத்துல சாப்பிடணும்."

அதனால் நான் வந்து உன் எதிரே உட்கார்ந்து அந்த இரண்டாவது கிண்ணத்தில் சாப்பிடுகிறேன். சமையலை நீயே செய். நான் எழுதிக் கொடுத்த மாதிரி வறுத்த சோறும் நூடுல்ஸும். நான் சாப்பிட்டு முடிக்கும்போது உன் நாக்கில் உப்புத் தெரிய வேண்டும். தெரிந்தால் அது போய்விட்டது என்று அர்த்தம்.

மத்தியான பஸ் பிடித்தால் வெளிச்சத்தோடு வந்துவிடுவேன். உனக்குக் கத்திப் பேசி என் தொண்டை கிழியப்போகிறது. பரவாயில்லை, சேர்த்து வைத்த சண்டை நிறைய இருக்கிறது.

கொளஞ்சி


செம்மண்டலம்
29.2.2012

என் அருமைத் தங்கை கொளஞ்சிக்கு,

நீ நேற்றுத்தான் வந்துவிட்டுப் போனாய். அதற்குள் கடிதமா என்று சிரிப்பாய். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

பகலெல்லாம் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நாலு மணி பஸ்ஸிலும் நீ வரவில்லை, ஐந்து மணி பஸ்ஸிலும் வரவில்லை. சரி, உனக்கு இன்னும் கோபம் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு சமைக்கப் போனேன். விளக்கை வைத்துவிட்டு நிமிர்ந்தால் கொல்லைக் கதவில் நீ நிற்கிறாய். வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்ற ரோஷத்தைக் கடைசிவரை விடவில்லை பார்! கொல்லை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாய். மழையே இல்லாத நாளில் புடவைக் கரை எங்கே நனைந்தது என்று கேட்க நினைத்தேன், மறந்துவிட்டேன்.

நிறைய மாறிவிட்டாய் கொளஞ்சி. முன்பெல்லாம் வளவளவென்று பேசுவாய். நேற்று நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். வயதானால் அடங்கிவிடுவோம் போலிருக்கிறது. ஆனால் நீ பேசின கொஞ்சமும் எனக்கு நன்றாகக் கேட்டது. கத்தவே இல்லை, காதுக்குப் பக்கத்தில் வந்து சொல்கிற மாதிரி மெதுவாகத்தான் பேசினாய். "நல்லா இருக்குண்ணா" என்றாய். "இன்னும் கொஞ்சம் போடு" என்றாய். என் தங்கச்சி குரல் மட்டும் என் காதுக்குக் கேட்கிறது என்று ராஜாமணியிடம் பெருமையடித்துக்கொள்ளப் போகிறேன்.

நான் குச்சிகளை எரித்துவிட்டேன், நீ கொண்டுவந்திருந்ததை எடுத்துச் சாப்பிட்டாய். நூடுல்ஸை ஒரு இழை அறுபடாமல் தூக்கி எடுத்தாய். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். கை மட்டும் ரொம்ப ஜில்லென்று இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்திருப்பாய். தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை.

எனக்கு இன்னும் உப்புத் தெரியவில்லை. அதைச் சொன்னால் உன் மனசு கஷ்டப்படும் என்று நேற்று சொல்லவில்லை. நாளாக நாளாகத் தெரியும்.

கிளம்பும்போது கொல்லைக் கதவில் நின்று "வரேண்ணா" என்றாயே, அப்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு இதே வார்த்தைக்குத்தான் உன்னை அப்படித் திட்டினேன். நேற்று அதைக் கேட்டுக் காது குளிர்ந்தது. "போயிட்டு வாடா தங்கம். எப்ப வேணா வா. இது உன் வீடு" என்றேன். மனசில் இருந்த கல் இறங்கிவிட்டது.

அண்ணன்
சடையப்பன்


சிதம்பரம்
3.3.2012

அண்ணா,

நான் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சிதம்பரம் பஸ் நிலையத்தில் கடலூர் பஸ்ஸில் ஏறும்போது படியில் கால் மடங்கி விழுந்துவிட்டேன். கணுக்கால் எலும்பில் விரிசல். மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். அன்றையிலிருந்து கட்டிலை விட்டு இறங்கவில்லை. உன் வீட்டுக்கு வந்தது நானில்லை. உன்னோடு சாப்பிட்டது நானில்லை.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியிலிருந்து ராஜாமணிக்குப் போன் செய்து, அண்ணனிடம் நான் வரவில்லை என்று சொல்லச் சொன்னேன். உன் கடிதம் வந்ததும் மறுபடி அவனைக் கூப்பிட்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சொல்லத்தான் போனேன் அத்தை. கிட்ட போனா உள்ள பேச்சுக் குரல் கேட்டுது. மாமா சிரிக்கிறாரு, ஒரு பொம்பளக் குரல் 'இன்னும் கொஞ்சம் போடு'ன்னுது. சரி, நீங்க வேற பஸ் புடிச்சு வந்துட்டீங்க போலன்னு திரும்பிட்டேன். இப்ப நீங்க வரவே இல்லங்கறீங்க. அப்ப உள்ள இருந்தது யாரு?"

இத்தனை நாள் கிண்ணத்தில் இருந்ததை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போனது. இப்போது என் உருவத்தில் வந்திருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வா, இது உன் வீடு என்று நீயே வாயால் சொல்லிவிட்டாய்.

அண்ணா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை அந்த வீட்டில் வைத்துப் படிக்காதே. தெருவில் வெளிச்சத்தில் நின்று படி. படித்ததும் கதவைப் பூட்டிச் சாவியை ராஜாமணியிடம் கொடு. அவன் உன்னைப் பஸ் ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். யாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பாதே, திரும்பிப் பார்க்காதே. இங்கே வந்துவிடு. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சமைத்துப் போடுகிறேன், கஞ்சி குடித்தாவது உடம்பைத் தேற்றலாம். உனக்கு இருப்பது ஒரே தங்கை. அந்தத் தங்கை இதோ சிதம்பரத்தில், காலில் கட்டோடு, உயிரோடு இருக்கிறாள்.

நான் கூப்பிடுகிறேன். வா அண்ணா.

கொளஞ்சி


செம்மண்டலம்
7.3.2012

தங்கை கொளஞ்சிக்கு,

உன் கடிதத்தைத் தெருவில் நின்று படிக்கச் சொல்லி எழுதியிருந்தாய். அதைப் படிக்கத்தான் கடிதத்தைப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்தது அடுப்பங்கரையில். நீ எதிரே உட்கார்ந்திருந்தாய். இல்லை, அவள். எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

அவள் வாசிக்கச் சொன்னாள். எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்துக் காட்டினேன். இதற்கு முன் யாருக்கும் நான் கடிதம் வாசித்துக் காட்டியதில்லை. "நான் வரவில்லை" என்ற இடம் வந்ததும் சிரித்தாள். நீ சின்ன வயதில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாயே, அதே மாதிரி. கால் எந்தக் கால் என்று கேட்டாள். நீ எழுதவில்லையே, தெரியாது என்றேன். "எடது கால்" என்று அவளே சொன்னாள்.

எனக்கும் விளங்காமல் இல்லை கொளஞ்சி. காகிதத்தில் இருப்பவள்தான் என் தங்கை. கோபப்படுகிறவள், கேலி செய்கிறவள், பால் பொங்கவிடுகிறவள் என் தங்கைதான். எதிரே இருப்பவள் ஒன்றுக்கும் கோபப்படுவதில்லை. அது ஒன்றே போதும் நீ இல்லை என்று தெரிந்துகொள்ள.

ஆனால் முகம் உன் முகமாக இருக்கிறது. என்னை அண்ணா என்கிறது. நீ எழுதியதற்காக இன்று காலையில் அவளைப் போகச் சொல்ல எழுந்து நின்றேன். வாய் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்து "போ" என்று ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். மறுபடியும் சொல்ல வரவில்லை.

நீ கூப்பிட்டுவிட்டாய், நான் வருகிறேன். ரோஷமெல்லாம் ஒன்றுமில்லை. உடம்பும் மிச்சமில்லை. நேற்று கொல்லைக் கிணற்றில் குனிந்தபோது இடுப்பு வேட்டி நழுவி விழுந்துவிட்டது, சிரித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில் ராஜாமணி பஸ் ஏற்றிவிடுகிறான். அவன் இப்போதெல்லாம் வீட்டுக்குள் வருவதில்லை, தெருவிலேயே நின்றுகொண்டு கையை ஆட்டுகிறான். உன் கையால் கஞ்சி குடித்தால் உப்புத் தெரியும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

தனியாகத்தான் வரப் பார்த்தேன். அவளும் கிளம்பி நிற்கிறாள். "ஒரு டிக்கெட் எடுத்தாப் போதும்ணா" என்கிறாள்.

உன் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று கேட்டாள். நான் வந்ததே இல்லையே, எனக்கு எப்படித் தெரியும் என்றேன். தனக்குத் தெரியும் என்கிறாள்.

கட்டுப் போட்ட காலோடு எங்களுக்காக நீ எழுந்து வர வேண்டாம். கதவை மட்டும் திறந்து வை. நாங்களே உள்ளே வந்துவிடுகிறோம்.

அண்ணன்
சடையப்பன்